ராணுவ சிமுலேட்டரில் 'எதிரி'க்கு ஏ.ஐ. எழுதும் வேலை: மகளை அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் திருச்சியில் பி.டெக். ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ராணுவப் பயிற்சி சிமுலேட்டரில் வரும் எதிரிப் படைக்கு ஏ.ஐ. எழுதப் போகிறேன் என்கிறாள். கேம் மோகத்துக்கு வேலை என்று பெயர் வைக்கிறாளோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: மோகம் இல்லை அம்மா, பழைய துறைதான். 1997 அக்டோபரில் அமெரிக்கா நடத்திய ஸ்டோ-97 என்ற கணினிப் போர்ப் பயிற்சியில், 'டாக்ஏர்-சோர்' என்ற மென்பொருள் 48 மணி நேரத்தில் 722 விமானப் பறப்புகளை ஓட்டியது. அதற்குள் இருந்தது 5,000-க்கும் மேற்பட்ட விதிகள். விமானிகளிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக எழுதியவை.

ஆனால் மகள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். யாராலும் ஜெயிக்க முடியாத எதிரியைப் பயிற்சி அதிகாரி கேட்பதில்லை. நிஜ எதிரி செய்யும் தவற்றைச் செய்கிற எதிரியைத்தான் கேட்பார். பயிற்சியில் இருப்பவர் டாங்கியை மேட்டுக்குப் பின்னால் மறைக்கிறார் என்று வையுங்கள். எதிரியின் நிரல், சிமுலேட்டரின் நினைவகத்திலிருந்து அவர் இருக்கும் இடத்தை நேராகப் படித்துவிட்டால், மேட்டைத் தாண்டியும் சரியாகக் குறி வைக்கும். மறைவதில் பயனில்லை என்ற தப்பான பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் நடுவில் ஒரு சென்சார் மாதிரி வேண்டும்: பார்வைக் கோடு, தூரம், புழுதி, இருட்டு, கண்டதை இன்னதென்று அடையாளம் காண ஆகும் விநாடிகள். அது தரும் தகவல் மட்டுமே ஏ.ஐ.க்குப் போக வேண்டும்.

2020 ஆகஸ்டில் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்ப்பா, கணினியிலேயே நடத்திய ஆல்ஃபாடாக்ஃபைட் என்ற வான்சண்டைப் போட்டியில் ஹெரான் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் நிரல், எஃப்-16 போர் விமானியை 5-0 என்று வீழ்த்தியது. மாணவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். எதிர் விமானத்தின் துல்லியமான நிலை அந்த நிரலுக்கு முழுதாகக் கிடைத்தது என்பதையும், நேருக்கு நேர் பாய்ந்து சுட்டது என்பதையும் சொல்வது குறைவு. மோதல் ஆபத்து இருப்பதால் பயிற்சிப் பறப்பில் விமானிகளுக்கு அப்படிச் சுட அனுமதி இல்லை.

படிப்புக்கு வருவோம். முதலில் சி பிளஸ் பிளஸ், பிறகுதான் பைத்தான். கணிதத்தில் வெக்டர், பொருள் திரும்பும் கோணத்தைக் கணக்கிட உதவும் குவாட்டர்னியன், நிகழ்தகவு. நிரல் தானே முயன்று தவறிக் கற்கும் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் மூன்றாவதாக வரட்டும். பயிற்சி சிமுலேட்டர்களில் இன்றும் பெரும்பாலும் ஓடுவது, எந்த நிலையில் என்ன செய்வது என்று மனிதர் முன்கூட்டியே எழுதி வைக்கும் பிஹேவியர் ட்ரீயும் ஸ்டேட் மெஷினும்தான். எதிரி ஏன் அப்படி நகர்ந்தான் என்று பயிற்சி அதிகாரி கேட்டால், அவற்றில் விடை காட்ட முடியும்.

ஒரு செமஸ்டருக்கு ஒரு புராஜெக்ட் போதும். வெவ்வேறு கணினிகளில் ஓடும் சிமுலேட்டர்களை இணைக்கும் ஐ.இ.இ.இ. 1278 என்ற டி.ஐ.எஸ். நெறிமுறையில், ஒரு லேப்டாப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு வாகனத்தை ஓட்டிக் காட்டட்டும். இதற்கான ஓப்பன்-டிஸ் என்ற நிரல் நூலகம் இலவசம். வாகன நிலையைச் சொல்லும் அடிப்படைத் தகவல் பொட்டலம் (பாக்கெட்) 144 பைட். வாகனம் அசையாவிட்டாலும் 5 விநாடிக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். 12 விநாடி வராவிட்டால் அடுத்த கணினி அந்த வாகனத்தைக் களத்திலிருந்து நீக்கிவிடும். இடைப்பட்ட நேரத்தில் வேகத்தை வைத்து இடத்தை ஊகிப்பார்கள். ஊகத்துக்கும் உண்மைக்கும் சுமார் 1 மீட்டர் விலகினால் புதுப் பொட்டலம் போகும்.

முதல் தடவை டாங்கி மண்ணுக்குள் புதையும், இல்லையென்றால் அந்தரத்தில் மிதக்கும். பூமியின் மையத்திலிருந்து அளக்கும் ஆயங்களை மாற்றும்போது செய்த பிழையாக இருக்கலாம், இரு கணினியிலும் நிலப்பரப்புக் கோப்பு வேறாக இருக்கலாம். அதைத் தேடித் திருத்தியதை எழுதி வைத்தால், நேர்காணலில் எந்தச் சான்றிதழையும் விட அது பேசும். 'டிஃபென்ஸ் ஏ.ஐ.' என்று பெயர் போட்டு விற்கும் கோர்ஸ்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

வேலை எங்கே? மத்திய அரசின் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகங்களில், போர் விளையாட்டு மென்பொருளுக்கு டெல்லியின் ஐ.எஸ்.எஸ்.ஏ., ஏ.ஐ.க்கு பெங்களூரின் கெயர், விமான சிமுலேட்டருக்கு அதே ஊரின் ஏ.டி.இ. அங்கே தொடக்க நிலை விஞ்ஞானியான சயின்டிஸ்ட் 'பி' பணிக்கு கேட் (GATE) தேர்வு மதிப்பெண் முக்கியம். 2024 முதல் டேட்டா சயின்ஸ்-ஏ.ஐ.க்குத் தனித் தாள் இருக்கிறது. ஆனால் எந்தப் பணிக்கு எந்தத் தாள், எந்தப் பட்டம் செல்லும் என்பதை அறிவிக்கையில் பார்த்த பிறகே தாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே வழுக்குபவர்கள் அதிகம். தனியாரில் ஹைதராபாத்தின் ஜென் டெக்னாலஜீஸ் போன்றவை.

இடங்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். கேம் நிறுவனம், ரோபோட்டிக்ஸ், தானோட்டிக் கார் சோதனை ஆகியவற்றுக்கும் இதே திறமை பொருந்தும் என்பதால் துணிந்து விடலாம். இன்னொன்று: ரகசியப் பணியில் போன் வெளியே, கணினிக்கு இணையம் கிடையாது. அங்கே எழுதிய நிரலின் ஒரு வரியைக்கூட அடுத்த நேர்காணலில் காட்ட முடியாது. எனவே கல்லூரியில் செய்த புராஜெக்ட்களைத் நிரல்களைப் பதிவேற்றும் இணையதளமான கிட்ஹப்பில் தன் சொந்தக் கணக்கில் இப்போதே தேதியோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள்.