மேற்கு வெயில் விழும் கொல்லையில் உட்கார ஒரு இடம்

கேள்வி: திருச்சியில் எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. கொல்லையில் 20 அடிக்கு 15 அடி இடம் சும்மா கிடக்கிறது. சாயங்காலம் குடும்பத்தோடு உட்கார்ந்து டீ குடிக்கிற மாதிரி அமைக்க ஆசை. தரை முழுக்க பேவர் பிளாக், மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டுவிடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். செய்யலாமா?

பதில்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம், தினமும் நாலரை மணிக்குக் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். வெயில் தலையில் விழாது, முகத்தில் அறையும். கிழக்குப் பார்த்த வீட்டுக்குக் கொல்லை மேற்கில்தானே? அந்த நேரத்தில் சூரியன் தாழ்ந்திருக்கும். எந்தக் கூரை போட்டாலும் அடியில் புகுந்து வந்துவிடும். உங்களுக்கு முதலில் வேண்டியது கூரை இல்லை, மேற்கே நிற்கிற ஒரு மறைப்பு.

மதில் ஓரமாக 8 அடி உயரத்துக்குப் பைப் நட்டுக் கம்பிவலை கட்டி, ரங்கூன் மல்லியை ஏற்றிவிடுங்கள். அது அடர்கிற வரை மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டிச் சமாளிக்கலாம். கூடவே ஒரு பவளமல்லி வைக்கலாம், பெரிதாகப் படராது. மதில் இடுக்கில் அரசங்கன்று முளைத்தால் மட்டும் அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள்.

மழைக்கு ஒதுங்கக் கூரை வேண்டும்தான். ஆனால் வீட்டுச் சுவரை ஒட்டி 6 அடி அகலம் போதும். பாலிகார்பனேட் எனக்குப் பிடிக்காது. பகலில் கீழே புழுங்கும், மழை வந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. மங்களூர் ஓடு நல்லது. அதற்குச் சாய்வு தாராளமாக வேண்டும்: 6 அடி அகலத்துக்கு ஏறக்குறைய மூன்றரை அடி ஏற்றம். உங்கள் சுவரில் அந்த உயரம் கிடைக்குமா என்று அளந்து பாருங்கள். சாய்வைக் குறைத்தால் காற்றோடு வரும் மழையில் ஒழுகும்.

தரை விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முழுக்கக் கல் பாவினால் பகல் சூட்டையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, நீங்கள் வந்து உட்காரும் நேரத்தில் திருப்பித் தரும். கறுப்புக் கடப்பாக் கல் என்றால் வெறுங்காலோடு நிற்கவே முடியாது. உட்காரும் இடத்துக்கு 12க்கு 8 அடி பாவுங்கள், மிச்சம் மண்ணாகவே இருக்கட்டும். பாவும் தரை வீட்டுத் தரையை விட அரை அடியாவது தாழ்வாக, வீட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிந்து இருக்க வேண்டும். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு விட்டால் தண்ணீர் நிற்காது.

அப்புறம், செப்டிக் டேங்க் மூடி எங்கே இருக்கிறது? மழைநீர்க் குழி எங்கே? இரண்டையும் சாக்பீஸால் குறித்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் மூடியின் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். டேங்க் நிரம்பிய அன்று லாரி வாசலில் நிற்க, கடப்பாரையால் தரையைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு இடம் தேடினார்கள். நாலு டைல்ஸ் உடைந்த பிறகுதான் மூடி அகப்பட்டது.

கொசுவுக்கு வாசனை மெழுகுவத்தியை நம்ப வேண்டாம். கூரைக்கடியில் ஒரு சுவர் ஃபேன் மாட்டுங்கள், கொசுவால் அந்தக் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. வெளியே போகிற வயருக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். சோபா, ஊஞ்சல் எல்லாம் பிறகு பார்க்கலாம். சுவரோரம் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு திண்ணை கட்டினாலே ஐந்து பேர் உட்காரலாம்.

துணி காயப்போடும் கொடியைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இப்போது அது கொல்லையில்தான் இருக்கும். உங்கள் வீட்டில் துணி உலர்த்துகிறவரைக் கூப்பிட்டு, எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டு, அந்த இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியில் பிளான் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் மாதமே உங்கள் புதுத் திண்ணைக்கு மேலே ஈரப் புடவை தொங்கும்.