காட்டு ஆளுக்கு யார் வைத்த பெயர்?

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவில் ஈப்போக்காரன். ஓராங் என்றால் ஆள், ஊத்தான் என்றால் காடு. இது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் மலாய்க்காரர்கள் ஓராங் ஊத்தான் என்ற அந்த வாலில்லாக் குரங்கை அப்படிக் கூப்பிட்டதே இல்லை, காட்டுவாசிகளைச் சொன்ன சொல்லை வெள்ளைக்காரர்கள் தவறாகக் குரங்குக்குச் சூட்டிவிட்டார்கள் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். போர்னியோத் தீவின் சரவாக்கில் 'மாயாஸ்' என்பதுதான் பெயராம். உண்மையா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாயாஸ் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது சரி. சுமத்ராவில் 'மாவாஸ்' என்பார்கள். அதை விட்டுக்கொடுத்துவிடுங்கள். மற்றதில் விடாதீர்கள்.

ஜாவாவில் 'காகாவின் ராமாயணம்' என்று ஒரு காவியம் உண்டு ('காகாவின்' என்பது பழைய ஜாவானியச் செய்யுள் வடிவத்தின் பெயர்). 9ஆம் நூற்றாண்டு, தள்ளிப்போனால் 10இன் தொடக்கம். ராமாயணத்தில் குரங்குக்கா பஞ்சம்! அதிலேயே 'உராங்ஊத்தான்' வந்துவிடுகிறது. பழைய ஜாவானிய நூல்களில் இந்தச் சொல் குரங்கை மட்டும்தான் குறிக்கிறது, காட்டுவாசிகளை அல்ல. சொல்லும் ஜாவாவினுடையது இல்லை, பழைய மலாய் மொழியொன்றிலிருந்து போன கடன். ஐரோப்பியக் கப்பல் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கப் பல நூறு வருஷம் இருந்தது.

வெள்ளைக்காரர்கள் செய்த கூத்து வேறு. பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், பொந்தியுஸ் என்ற டச்சு மருத்துவர் இருந்தார். 1631இல் இறந்தார், எழுதிவைத்தது 1658இல் அச்சானது. அதில் ஒரு பெண் ஓராங் ஊத்தான் வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொள்கிறது, அழுகிறது. கூடவே இருக்கும் படத்தில் நிற்பதோ உடம்பெல்லாம் முடி முளைத்த ஒரு பெண்! இவற்றுக்குப் பேசத் தெரியும், பேசினால் வேலை வாங்கிவிடுவார்கள் என்றுதான் வாயைத் திறப்பதில்லை என்று ஜாவாக்காரர்கள் சொன்னதையும் எழுதியிருக்கிறார். கேட்டவர் சிரித்தாரா, நம்பினாரா, யார் கண்டது.

அப்புறம் அந்தப் பெயர் ஐரோப்பாவில் கண்ட வாலில்லாக் குரங்குக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. 1699இல் லண்டனில் எட்வர்ட் டைசன் என்ற மருத்துவர் 'ஓராங் ஊத்தான்' என்று தலைப்பிட்டு ஒரு உடற்கூறு நூலே போட்டார். அவர் அறுத்துப் பார்த்தது அங்கோலாவிலிருந்து வந்த சிம்பன்சிக் குட்டி!

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். ஆண்ட்ரூ பேட்டல் என்ற ஆங்கிலேய மாலுமி ஆப்பிரிக்காவில் கேள்விப்பட்டு வந்த பெரிய குரங்கின் பெயர் 'போங்கோ'. அநேகமாக அது கொரில்லா. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பெயரைத் தூக்கி போர்னியோக் குரங்கின் பேரினத்துக்கு வைத்தார்கள். இன்றுவரை அறிவியலில் அதுதான் நிற்கிறது. 2017இல் சுமத்ராவின் தபானுலிக் காட்டு ஓராங் ஊத்தானைத் தனி இனமென்று அறிவித்தபோதும் 'போங்கோ தபானுலியென்சிஸ்' என்றே பெயர் வைத்தார்கள்.