ரசம் கொட்டிய கையை எங்கே காட்டுவது?

கேள்வி: என் மூன்று வயதுப் பேத்தி சூடான ரசத்தை இழுத்து மேலே கொட்டிக்கொண்டாள். நெஞ்சிலும் வலது கையிலும் கொப்புளம். பக்கத்து கிளினிக்கில் வெள்ளைக் களிம்பு தடவிக் கட்டுப் போட்டார்கள். மூன்றாம் நாள்தான் மெடிக்கல் காலேஜுக்குப் போகச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து இப்போதுதான் புண் ஆறியிருக்கிறது. அன்றைக்கே போயிருக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: ஆமாம், அன்றைக்கே போயிருக்கலாம். 'கொஞ்சம்தானே' என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் தீக்காயத்தில் அந்தக் 'கொஞ்சம்' ஏமாற்றிவிடும்.

விரல்களோடு சேர்த்து ஒருவரின் உள்ளங்கை அவர் உடம்பில் சுமார் 1 சதவீதம். பேத்தியின் காயத்தைப் பேத்தியின் கையால்தான் அளக்க வேண்டும், உங்கள் கையால் அல்ல. வெறுமே சிவந்த இடத்தை விட்டுவிடுங்கள். கொப்புளமும் தோல் உரிந்த இடமும்தான் கணக்கு. பெரியவர்களுக்கு 10 கை அளவு வந்தால் தீக்காயச் சிறப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். குழந்தைக்கு 5 வந்தாலே கிளம்பிவிடுங்கள் என்பேன்.

ஆனால் முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு ஆகிய இடங்களில் பட்டால் அளவே பார்க்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள். உங்கள் பேத்திக்கு அந்தக் கை ஒன்றே போதும். விரல் மடங்கும் இடத்தில் தழும்பு இறுகினால் நாளைக்குப் பென்சில் பிடிக்கச் சிரமப்படுவாள். கையையோ காலையோ சுற்றி வளைத்த காயம், ஆசிட், கரன்ட் ஷாக் எல்லாமே இந்தக் கணக்குதான். கரன்டில் வெளியே பொட்டளவு கருகியிருக்கும். உள்ளே தசை வெந்திருக்கும். வெளுத்துப்போய், தொட்டால் வலிக்காத காயமும் நல்ல சேதி இல்லை, ஆழமாகப் போயிருக்கிறது. மூடிய அறையில் புகையில் சிக்கியவருக்குக் குரல் கரகரத்தால், முதலில் மூச்சு விடத் தொண்டைக்குள் குழாய் வைக்க வசதியுள்ள பக்கத்து ஆஸ்பத்திரி. தூரப் பயணம் அப்புறம். வழியிலேயே தொண்டை வீங்கி அடைத்துவிடும்.

அந்த வெள்ளைக் களிம்புக்கு வருகிறேன். அது மோசமான மருந்து இல்லை. ஆனால் மேலே பூசிவிட்டால் காயத்தின் நிறமும் ஆழமும் தெரியாது. நாங்கள் அதைத் துடைத்தெடுத்துத்தான் பார்க்க வேண்டும். குழந்தை வீறிட்டு அழும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிற நோயாளிக்கு அது வேண்டாம். சுட்டவுடன் காயத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு. வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, துவைத்த பருத்தி வேட்டியால் மூடி, மற்ற இடங்களைப் போர்த்தி 108-ஐக் கூப்பிடுங்கள். ஐஸ், பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் வேண்டாம்.

கிளினிக்கில் சீட்டு எழுதினால் கொட்டிய நேரம், குழந்தையின் எடை, ஏற்றிய சலைன், போட்ட ஊசி நான்கும் அதில் இருக்கட்டும். பெரிய காயத்துக்கு 24 மணி நேர சலைனில் பாதியை முதல் 8 மணி நேரத்தில் ஏற்றுவோம். அந்த 8 மணி நேரம் சுட்ட நிமிடத்திலிருந்து ஓடுகிறது, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அல்ல. 'சாயங்காலம்' என்று சொன்னால் எங்களுக்குக் கணக்கு வராது; 'சீரியல் ஆரம்பித்தபோது' என்றால்கூடப் பரவாயில்லை.

சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு தெரிந்ததுதான். நீங்கள் அவ்வளவு தூரம் ஓட வேண்டாம், உங்கள் ஊர் மெடிக்கல் காலேஜே முதல் இடம்.

மூன்று வாரத்துக்கு மேல் எடுத்து ஆறிய புண் தடித்த தழும்பாக மாறலாம். இப்போதே பேத்தியை விரல்களை முழுக்க மடக்கி நீட்டச் சொல்லிப் பாருங்கள். ஒரு விரல் தயங்கினாலும் பிளாஸ்டிக் சர்ஜரி ஓபி நாளில் அழைத்துப் போங்கள்.