முதல் வெல்டிங் மெஷின்: ஆர்க்கா, மிக்கா, எத்தனை ஆம்ப்ஸ்?

கேள்வி: கேட் கீல் விட்டுப்போவது, கல்டிவேட்டர் பிராக்கெட்டில் விரிசல், டிரெய்லர் கொக்கி ஒடிவது என்று சின்னச் சின்ன வேலைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய் வந்தால் ஒரு நாள் போய்விடுகிறது. நானே ஒரு மெஷின் வாங்கிப் பழகலாம் என்று பார்க்கிறேன். இதுவரை வெல்டிங் ராடைக் கையில் பிடித்ததில்லை. எதை வாங்குவது?

பதில்: ராடு போட்டு அடிக்கும் ஆர்க் மெஷின் வாங்குங்கள். இன்வெர்ட்டர் வகை (எலக்ட்ரானிக் சர்க்யூட்டில் ஓடும், எடை குறைந்த பெட்டி), 200 ஆம்ப்ஸ்.

ராடுக்குப் பதில் வயரைத் தானாகத் தள்ளும் மிக் மெஷினை நான் தள்ளிவைப்பதற்கு முதல் காரணம் காற்று. அதில் சிலிண்டரிலிருந்து வரும் வாயுதான் உருகிய இரும்பை மூடிக் காக்கிறது. வயல்வெளியில் லேசாகக் காற்று அடித்தாலே அந்த வாயு கலைந்துவிடும், வெல்டு முழுக்கப் பொத்தலாகும். ராடில் அந்தக் கவலை குறைவு. அதன் மேல்பூச்சே எரிந்து வாயுவும் கசடுமாக மாறி வெல்டை மூடிக்கொள்கிறது. கேஸ் இல்லாமல், உள்ளே பொடி அடைத்த ஃப்ளக்ஸ் வயரில் ஓடும் மெஷினும் காற்றைத் தாங்கும், மெல்லிய தகட்டு வேலைக்கு நல்லதுதான். ஆனால் வயரைத் தள்ளும் ரோலர், டிப், லைனர் எல்லாவற்றையும் தூசி படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் மெஷினுக்கு அவ்வளவு வேலை வேண்டாம்.

நீங்கள் சொன்ன வேலைகளில் முக்கால்வாசி 3 முதல் 6 மி.மீ கனத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு 2.5 மி.மீ ராடும் 3.15 மி.மீ ராடும் போதும். முதலாவது 60 முதல் 90 ஆம்ப்ஸ் கேட்கும், அடுத்தது 90 முதல் 130. அப்புறம் ஏன் 200? மெஷினை அதன் உச்சியிலேயே ஓட்டக் கூடாது என்பதற்காக.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முன்பக்கம் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணை விட்டுவிட்டு, மெஷினில் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டில் 'டியூட்டி சைக்கிள்' என்ன என்று பாருங்கள். 200 ஆம்ப்ஸுக்கு 60 சதவீதம் என்றிருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அடிக்கலாம், நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும். 20 சதவீதம் என்றால் இரண்டே நிமிடம்தான். கைக்கு அடக்கமான பெட்டியில் 400 என்று போட்டிருந்தால் அந்தத் தகட்டைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

அடுத்தது உங்கள் மின்சாரம். 2.5 ராடை 80 ஆம்ப்ஸில் ஓட்டினால், 230 வோல்ட் சிங்கிள் பேஸில் மெஷின் சுமார் 14 ஆம்ப்ஸ் இழுக்கும். 16 ஆம்ப்ஸ் சாக்கெட் தாங்கும். 3.15 ராடை 120-இல் ஓட்டினால் 20-ஐத் தாண்டிவிடும், அதற்குத் தனி லைன், தனி பிரேக்கர் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் தடிமனாக இருக்கட்டும், சுருட்டியபடியே ஓட்டாதீர்கள், சூடேறி உருகும். பம்பு மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும் இடமாக இருந்தால், குறைந்த வோல்டேஜில் மெஷின் எதுவரை வேலை செய்யும் என்று கேட்டு வாங்குங்கள்.

ஹாட் ஸ்டார்ட் (தொடங்கும்போது கரன்ட்டைக் கூட்டித் தருவது), ஆன்டி ஸ்டிக் (ராடு ஒட்டினால் கரன்ட்டைக் குறைப்பது) இரண்டும் இருக்கட்டும். முதல் வாரம் ராடு ஒட்டிக்கொண்டே இருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான். 6013 என்ற ராடில் பழகுங்கள், எளிதில் பற்றும் பொதுவகை அது. வெளிச்சத்தைப் பார்க்காமல் அதன் பின்னால் உருகித் தேங்கும் குட்டையைப் பாருங்கள். ராடின் தடிமன் அளவு இடைவெளி விட்டால் சத்தம் சடசடவென்று ஒரே சீராக வரும். இடைவெளி கூடினால் சத்தம் உடையும், பொறி நாலாபக்கமும் தெறிக்கும்.

மெஷினில் மிச்சம் பிடித்தாவது தானாகக் கறுக்கும் நல்ல மாஸ்க் வாங்குங்கள். கண்ணாடியின் கருமை 2.5 ராடுக்கு 10-ஆம் எண், 3.15-க்கு 11. ஒரே ஒரு டாக் (புள்ளி ஒட்டு)தானே என்று ஒருமுறை மாஸ்க் இல்லாமல் அடித்துவிட்டேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நள்ளிரவில் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியது போல் எரிந்தது, விடியும்வரை இமையைத் திறக்க முடியவில்லை. தோல் கையுறையும், முழுக்கைப் பருத்திச் சட்டையும், ஒரு கிரைண்டரும் இதே கணக்கில் வர வேண்டியவை.

சில வேலைகளைத் தொடவே வேண்டாம். டீசல், பெட்ரோல் இருந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் அடிக்காதீர்கள், உள்ளே தங்கிய ஆவியே வெடிக்கப் போதும். ஜிங்க் பூசிய குழாயில் பூச்சைத் தேய்த்தெடுத்த பிறகே அடிக்கவும், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். வார்ப்பிரும்புக்கு நிக்கல் ராடும் பக்குவமும் வேண்டும். டிராக்டர் ஹிட்ச் (டிரெய்லர் மாட்டும் இடம்), பாரம் தூக்கும் கொக்கி, பிரேக் பாகங்கள் அனுபவசாலியிடமே போகட்டும், விட்டுப்போனால் உயிர் போகும். வைக்கோல் பக்கம் அடிக்க நேர்ந்தால் தண்ணீர் வைத்துக்கொண்டு, முடித்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள்.

டிராக்டரிலேயே அடிக்கிறீர்கள் என்றால் முதலில் பேட்டரி வயர்களைக் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே, அதே துண்டில் மாட்டுங்கள். நடுவில் பேரிங் இருந்தால் கரன்ட் அதன் வழியாகப் பாய்ந்து உருளைகளில் புள்ளி புள்ளியாகக் கருக்கிவிடும். கிளாம்ப் கடிக்கும் இடத்தையும் வெல்டு விழும் இடத்தைப் போலவே பளிச்சென்று தேய்த்துவிடுங்கள். ஆர்க் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் மெஷினைக் குறை சொல்வதற்கு முன் அந்தக் கிளாம்பைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அடியில் பெயின்ட் இருக்கும்.