பத்து நாள் முன்பு கஞ்சாவை நிறுத்தினால் ஊக்கமருந்து சோதனையில் சிக்காமல் இருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 24. கபடியில் ரெய்டர். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலையில் இருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு முழங்காலில் அடிபட்டது. வலியில் தூக்கம் வராமல் கஞ்சா இழுக்க ஆரம்பித்து, இப்போது தினமும் இரவு இரண்டு முறை என்று ஆகிவிட்டது. ஐந்து வாரத்தில் தேசியப் போட்டி. 10 நாள் முன்பு நிறுத்தினால் போதுமா? நீர் பிரியும் மாத்திரை போட்டு எலுமிச்சைச் சாறு நிறையக் குடித்தால் எல்லாம் வெளியேறிவிடும் என்கிறான் நண்பன். ஒரு நாள் விட்டாலே தூக்கமும் வருவதில்லை, எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். நான் அடிமையாகிவிட்டேனா? அமெரிக்க வீரர்களுக்கு இப்போது தடையே இல்லை என்கிறார்களே?

பதில்: நண்பர் சொன்ன மாத்திரையை இன்றே தூக்கி எறியுங்கள். நீங்கள் எழுதியதில் உடனடி ஆபத்து அதில்தான் இருக்கிறது.

லாசிக்ஸ் போன்ற பெயர்களில் விற்கும் ஃபுரோசமைடு உடலிலிருந்து தண்ணீரையும் உப்புகளையும் வெளியேற்றும். கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. தங்கியிருப்பதோ கொழுப்பில். அதை இந்த மாத்திரை தொடாது. நீர் பிரியும் மருந்துகள் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் பட்டியலில் எல்லாக் காலத்திலும் தடை செய்யப்பட்டவை. போட்டி நாள், ஓய்வு நாள் என்ற பேதம் கிடையாது. கஞ்சாவுக்கு மூன்று மாதத்தில் முடியக்கூடிய தண்டனை, இந்த மாத்திரை சிறுநீரில் தெரிந்தால் இரண்டு வருடமாகும். மறைப்பதற்காகவே போட்டது என்று நிரூபணமானால் நான்கு வருடம். போதாததற்கு, போட்டிக்கு முன் எடை குறைக்கிற நேரத்தில் இதையும் போட்டால் பொட்டாசியம் இறங்கித் தசை இழுத்துக்கொள்ளும், இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம்.

தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் குடம் குடமாகக் குடிப்பதிலும் பயனில்லை. தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவின் அதிகாரி உங்களிடம் குறைந்தது 90 மில்லி சிறுநீர் வாங்கி, அங்கேயே அதன் அடர்த்தியைப் பார்ப்பார். அந்த அளவில் 1.005-க்குக் கீழே இருந்தால் நீர்த்த மாதிரி என்று குறித்துக்கொண்டு, அடர்த்தி கூடும்வரை உட்காரவைத்து மறுபடியும் எடுப்பார். நீங்கள் சிறுநீர் கழிப்பதை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். மாதிரியில் எதையாவது கலப்பது, மாற்றிக் கொடுப்பது, சோதனைக்கு வராமல் நழுவுவது ஆகிய மூன்றுக்கும் பொதுவாக நான்கு வருடத் தடை.

இனி நாள் கணக்குக்கு வருவோம். இழுத்த புகையிலிருந்து ரத்தத்தில் ஏறும் டி.எச்.சி. சில மணி நேரத்திலேயே வெகுவாக இறங்கிவிடும். கல்லீரல் அதைக் கார்பாக்சி-டி.எச்.சி. என்ற கழிவுப் பொருளாக மாற்றுகிறது. சிறுநீரில் தேடுவது இதைத்தான். எப்போதாவது ஒருமுறை இழுப்பவரிடம் சாதாரண சோதனைப் பட்டையில் இது இரண்டு மூன்று நாள் தெரியும். தினமும் இழுப்பவரின் கொழுப்பில் சேர்ந்தது மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருப்பதால் இரண்டு வாரம், சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் தெரியும். உடல் கொழுப்பு, சரக்கின் வீரியம், எத்தனை மாதப் பழக்கம் என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். பட்டினி கிடந்து எடை குறைத்தால் கொழுப்பு கரைந்து, அதிலிருப்பது ரத்தத்துக்குத் திரும்பவும் கூடும். தினமும் இரண்டு முறை இழுக்கும் உங்களுக்கு 10 நாள் என்பது சூதாட்டம். இன்றே நிறுத்தினால் கைவசம் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் பெரும்பாலானவர்களுக்கு வாடா வரம்புக்குக் கீழே இறங்கிவிடும்.

அந்த வரம்பு ஒரு மில்லி சிறுநீருக்கு 150 நானோகிராம். அளவீட்டுப் பிழைக்கு இடம் விட்டு, 180-ஐத் தாண்டினால்தான் பாசிட்டிவ் என்று ஆய்வகம் அறிவிக்கும். சிறுநீர் மிகவும் அடர்த்தியாக இருந்தால் அதற்கேற்ப வரம்பையும் கூட்டிக் கணக்கிடுவார்கள். கஞ்சாவுக்குத் தடை போட்டிக் காலத்தில் மட்டுமே. அந்தக் காலம் போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11:59-க்குத் தொடங்கி, போட்டியும் மாதிரி எடுப்பதும் முடியும்வரை. ஆனால் எப்போது இழுத்தீர்கள் என்பது கணக்கில்லை. அந்த நேரத்தில் எடுத்த சிறுநீரில் என்ன இருக்கிறது என்பதே கணக்கு. 2013 வரை வரம்பு வெறும் 15. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் கனடாவின் ஸ்னோபோர்டு வீரர் ராஸ் ரெபாக்லியாட்டி 17.8 நானோகிராமுக்காகத் தங்கத்தை இழந்து, அப்போது கஞ்சா முறையாகத் தடைப் பட்டியலில் இல்லாததால் மேல்முறையீட்டில் திரும்பப் பெற்றார். இன்றைய வரம்பில் அது பாசிட்டிவே அல்ல. வாரக்கணக்குக்கு முன் இழுத்தவரை விட்டு, போட்டியை ஒட்டிப் பயன்படுத்துபவரைப் பிடிக்கவே வரம்பை உயர்த்தினார்கள். என் பார்வையில் அது சரியான முடிவு.

வீட்டில் சோதிக்கும் பட்டைகளை நம்பி முடிவெடுக்காதீர்கள். அவற்றின் வரம்பு பெரும்பாலும் 50. நிறையத் தண்ணீர் குடித்த நாளில் நெகட்டிவ் காட்டிவிட்டு, வியர்த்துக் காய்ந்த மறுநாள் பாசிட்டிவ் காட்டும்.

பாசிட்டிவ் ஆனால் அந்தப் போட்டியின் முடிவும் பதக்கமும் போய்விடும். போட்டிக் காலத்துக்கு வெளியே பயன்படுத்தியது, விளையாட்டுத் திறனைக் கூட்டுவதற்காக அல்ல என்று நீங்கள் நிரூபித்தால் மூன்று மாதத் தடை. அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் ஒரு மாதமாகக் குறையும். நிரூபிக்க முடியாவிட்டால் இரண்டு வருடம் வரை போகலாம்.

அமெரிக்கா பற்றி நீங்கள் கேட்டது பாதி உண்மை. என்.பி.ஏ. கூடைப்பந்தில் 2023 ஒப்பந்தத்திலிருந்து கஞ்சாவுக்குச் சோதனை இல்லை. பேஸ்பால் லீக் 2019-லேயே அதைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்., பாசிட்டிவ் என்பதற்காக மட்டும் ஆட்டத் தடை விதிப்பதை 2020-ல் நிறுத்தி, வரம்பை 2024 இறுதியில் 350 ஆக உயர்த்தியது. இவையெல்லாம் முதலாளிகளும் வீரர்கள் சங்கமும் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள். வாடா விதிக்குள் வரும் அமெரிக்கருக்கு இந்தச் சலுகை கிடையாது. 2021-ல் அமெரிக்க ஓட்ட வீராங்கனை ஷகாரி ரிச்சர்ட்சன் ஒலிம்பிக் தேர்வுப் போட்டியின் 100 மீட்டரை 10.86 விநாடியில் வென்றார். தாய் இறந்த செய்தி கேட்ட வேதனையில் கஞ்சா பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டார். போட்டி நடந்த ஆரிகன் மாநிலத்தில் அது சட்டப்படி குற்றமே அல்ல. ஆலோசனைத் திட்டத்தை முடித்ததால் தடை ஒரு மாதம்தான், ஆனால் அந்த வெற்றி ரத்தாகி டோக்கியோ 100 மீட்டர் வாய்ப்பு போனது. 2023-ல் உலக சாம்பியனாகத் திரும்பி வந்தார். அவர் விவகாரத்துக்குப் பின் வாடா மறு ஆய்வு செய்து, 2022-ல் தடையைத் தொடர முடிவெடுத்தது. இந்தியாவில் நீங்கள் அந்த விதிக்குள்தான் இருக்கிறீர்கள். பாங், விஜயா என்ற பெயரில் கஞ்சா இலை சேர்ந்த லேகியம், எண்ணெய் எல்லாவற்றிலும் இதே டி.எச்.சி. உண்டு. கஞ்சாவில் உள்ள, போதை தராத சி.பி.டி. என்ற பொருளுக்குத் தடை இல்லை என்றாலும், அதன் பெயரில் விற்கும் எண்ணெய்களில் டி.எச்.சி. கலந்திருந்தால் பொறுப்பு உங்களுடையது.

அடிமையாகிவிட்டேனா என்று கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன்: நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும், ஆனால் நீங்கள் எழுதியதில் அதற்கான அடையாளங்கள் இருக்கின்றன. மருத்துவர்கள் 11 அடையாளங்களைப் பார்ப்போம். நினைத்ததைவிட அதிகம் இழுப்பது, குறைக்க முயன்று தோற்பது, ஏக்கம், வேலையும் பயிற்சியும் கெடுவது, அளவு கூடிக்கொண்டே போவது, விட்டால் உடல் படுத்துவது போன்றவை. 12 மாதத்தில் இரண்டு இருந்தாலே நோய் என்று கொள்வோம், ஆறு இருந்தால் தீவிரம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதற்குச் சிகிச்சை உண்டு.

விட்ட ஓரிரு நாளில் எரிச்சல், பதற்றம், பசியின்மை, வியர்வை, தூக்கமின்மை ஆரம்பிக்கும். முதல் வாரம்தான் மிகக் கடினம், இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். தூக்கம் மட்டும் கடைசியில்தான் சீராகும். கஞ்சா கனவு வரும் தூக்கத்தை அமுக்கி வைக்கிறது. விட்டதும் அது மொத்தமாகத் திரும்பிவந்து, பயங்கரக் கனவுகளாக எழுப்பும். ‘கஞ்சா இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது’ என்று பலர் மறுபடி தொடங்குவது இந்த இடத்தில்தான். அந்தத் தூக்கமின்மை கஞ்சா உண்டாக்கியது, பொறுத்தால் போய்விடும்.

முதல் வாரம் கடுமையான பயிற்சியைப் பாதியாக்குங்கள். எவ்வளவு நேரம் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். பசிக்காவிட்டாலும் கஞ்சி, முட்டை, வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். சிகரெட் புகையிலையில் கலந்து இழுப்பவரானால், கூடவே நிகோடினும் நின்று எரிச்சல் இரட்டிப்பாகும். பலர் கஞ்சாவை விட்டுச் சிகரெட்டைக் கூட்டுவது இதனால்தான். மருத்துவரைக் கேட்டு 2 மில்லிகிராம் நிகோடின் கம் மெல்லலாம், அதற்கு வாடா தடை இல்லை. ஒரே மூச்சில் பாடிக்கொண்டு 30 விநாடி எதிர் களத்தில் நிற்க வேண்டிய ரெய்டருக்கு, புகை நின்ற சில வாரத்தில் இருமலும் சளியும் குறைவது ஆட்டத்திலேயே தெரியும். சரக்கு தருபவரின் எண்ணை அழித்துவிடுங்கள். அல்பிரஸோலம் போன்ற தூக்க மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள், அது இன்னொரு அடிமைத்தனம்.

கஞ்சாவை நிறுத்துவதற்கென்று உறுதியான மாத்திரை இன்னும் இல்லை. பலன் தருவது மனநல மருத்துவரோ உளவியலாளரோ வாரந்தோறும் தரும் பேச்சுச் சிகிச்சை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், அல்லது 14446 என்ற இலவச எண்ணில் அருகிலுள்ள மையத்தைக் கேட்கலாம். நீங்கள் சொல்வதை மருத்துவர் அணிக்கோ அலுவலகத்துக்கோ தெரிவிக்க மாட்டார். எல்லோர் மேலும் காரணமற்ற சந்தேகம், யாரோ பேசுவது போன்ற குரல், தற்கொலை எண்ணம், அடங்காத வாந்தி இவற்றில் ஏதேனும் வந்தால் அன்றே மருத்துவமனை செல்லுங்கள்.

முழங்காலை மறந்துவிடாதீர்கள், எல்லாம் தொடங்கியது அங்கேதான். இரண்டு வருடமாக வலிக்கிறது என்றால் தசைநாரோ ஜவ்வோ கிழிந்திருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் எம்.ஆர்.ஐ. எடுங்கள். வலி மாத்திரை எழுதும்போது ஊக்கமருந்து சோதனைக்கு உட்பட்ட வீரர் என்று சொல்லிவிடுங்கள். டிரமடால் 2024 ஜனவரியிலிருந்து போட்டிக் காலத்தில் தடை, பாராசிட்டமாலுக்குத் தடை இல்லை. சோதனைப் படிவத்தில் கடந்த ஏழு நாளில் சாப்பிட்ட மருந்துகளைக் கேட்பார்கள், எனவே மருந்துச் சீட்டைப் போட்டிக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.