மார்பின் கொடுத்தால் அப்பாவுக்கு வாந்தி: நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு (68) நுரையீரல் புற்றுநோய். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்பின் 10 மி.கி. மாத்திரை கொடுக்கிறோம். இது மூன்றாம் நாள். வலி அடங்கிவிட்டது, ஆனால் ஓயாத குமட்டல், தினமும் இரண்டு முறை வாந்தி. மாத்திரையை நிறுத்திவிடலாமா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. நிறுத்தினால் அடங்கிய வலி திரும்பிவிடும். மார்பின் தொடங்கும் பலருக்கு முதல் சில நாட்கள் குமட்டல் இருக்கும். மூளையில் வாந்தியைத் தூண்டும் இடத்தை அது சீண்டுகிறது, இரைப்பையையும் மந்தமாக்குகிறது. பெரும்பாலும் ஒரு வாரத்தில் உடம்பு பழகிக்கொள்ளும்.

அதுவரை வாந்திக்கு மாத்திரை வேண்டும். சாப்பாட்டுக்கு முன் மெட்டோகுளோபிரமைடு அல்லது இரவில் மிகக் குறைந்த அளவில் ஹாலோபெரிடால் எழுதித்தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். ஹாலோபெரிடாலை மனநோய் மாத்திரை என்று மருந்துக்கடையில் யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். வாந்தி வந்த பிறகு தேடாமல், வேளை தவறாமல் கொடுங்கள்.

நீங்களாகக் கடையில் ஆன்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள். அது மலச்சிக்கலைக் கூட்டும். மலம் கட்டினால் குமட்டலும் கூடும். அப்பா கடைசியாக எப்போது மலம் கழித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான். குமட்டலுக்கு உடம்பு பழகும், மலச்சிக்கலுக்குப் பழகாது. மார்பின் எழுதும் சீட்டிலேயே மலமிளக்கி எழுதாமல் அனுப்புவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. போன மாதம் ஒருவர் பை நிறைய வாந்தி மாத்திரை அட்டைகளோடு வந்தார். ஒன்பது நாளாக மலம் போகவில்லை. அதை யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. ஆசனவாயில் மருந்து வைத்து வெளியேற்றினோம். மறுநாள் காலை இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வயிறு உப்பி, முறுக்கி முறுக்கி வலித்து, காற்றும் பிரியாமல், பச்சையாகவோ மலநாற்றத்தோடோ வாந்தி வந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது மெட்டோகுளோபிரமைடும் கூடாது, பேதி மாத்திரையும் கூடாது. அடைபட்ட குடலை அவை மேலும் முறுக்கும். 'நேற்றுவரை கொடுத்ததுதானே' என்று இன்னொரு மாத்திரை கொடுக்காதீர்கள். விடியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

'பக்கவிளைவே இல்லாத பிளாஸ்திரி' என்று மருத்துவமனை வாசலில் தரகர்கள் பேசுவார்கள். அது ஃபென்டானில், மார்பின் வகையைச் சேர்ந்த இன்னொரு வலி மருந்து. அதற்கும் குமட்டல் வரும். விலையோ பல மடங்கு. மார்பினோடு சேர்த்துத் தாமாக ஒட்டிக்கொண்டால் மூச்சே அடங்கிவிடலாம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் திருத்தி, மருத்துவமனைகள் மார்பின் வைத்திருப்பதை எளிதாக்கினார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் மலிவான இந்த மாத்திரைக்காக நோயாளிகள் மாவட்டம் தாண்டிப் போகிறார்கள். தரகனுக்கு இடம் கொடுப்பது இந்த அலட்சியம்தான்.

அப்பா எழுப்பியும் விழிக்காமல் கிடந்தாலோ, கைகால் வெட்டி வெட்டி இழுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, வாரம் முடியட்டும் என்று இருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.