கணக்குத் தெரிகிறது, கேள்விதான் புரிவதில்லை

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறோம். தொடக்கநிலை 4இல் படிக்கும் என் மகன், வாயால் கேட்டால் பாடத்தை அழகாகச் சொல்கிறான். ஆங்கில வாசிப்பில் பின்தங்கியிருப்பதால் கணிதம், அறிவியல் தேர்வுகளிலும் மதிப்பெண் குறைகிறது. இன்னொரு துணைப்பாட வகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: சேர்ப்பதற்கு முன் வீட்டிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். பழைய அறிவியல் தாளில் அவன் தவறவிட்ட பத்துக் கேள்விகளை நீங்கள் உரக்க வாசிக்க, அவன் வாய்மொழியாக விடை சொல்லட்டும். பெரும்பாலானவை சரியாக வந்தால், எழுத்துக்கூட்டி வாசிப்பதில்தான் தடை இருக்கிறது. வாசித்துக் காட்டியும் விடை வராவிட்டால், சொற்பொருளோ பாடமோ மனத்தில் பதியவில்லை என்று கொள்ளலாம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் முதலாவதே காரணமாகத் தோன்றுகிறது.

இத்தகைய பிள்ளைகள் கணிதத்தில் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லில் வழுக்குகிறார்கள். கடைக்காரர் 120 மாம்பழங்களில் மூன்றில் ஒரு பங்கைக் காலையிலும், எஞ்சியதில் பாதியை மாலையிலும் விற்றார் என்றால் மீதி 40. ஆங்கிலக் கேள்வியிலுள்ள ‘ரிமெய்ண்டர்’ (எஞ்சியது) என்ற சொல்லைக் கண் தாண்டிவிட்டால், பிள்ளை எஞ்சிய 80இலிருந்து 120இன் பாதியான 60ஐக் கழித்து 20 என்று எழுதிவிடும். வாய்ப்பாட்டை எத்தனை முறை ஒப்பித்தாலும் இந்தப் பிழை நீங்காது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நிறுத்தி, அதுவரை படித்த அளவுகளை நீளப் பட்டைப் படமாக வரைந்த பிறகே அடுத்த வாக்கியத்துக்குப் போகப் பழக்குங்கள். கேள்வியைத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்வதில் தவறேதும் இல்லை. புரிந்ததா என்பது அப்போதே தெரிந்துவிடும். அறிவியலில் ‘ஸ்டேட்’ (குறிப்பிடு), ‘எக்ஸ்பிளேன்’ (விளக்கு), ‘கம்பேர்’ (ஒப்பிடு) போன்ற ஏவற்சொற்களைப் பார்த்தவுடன் அடையாளம் காண வேண்டும்.

வாசிப்புப் பயிற்சிக்குத் தேர்வுத்தாளைப் பயன்படுத்தாதீர்கள். நூலகத்தில் அவனுக்கு எளிதான, ஏன், சற்றுச் சிறுபிள்ளைத்தனமான புத்தகத்தையே எடுத்து, நாள்தோறும் பத்து நிமிடம் ஒரே பத்தியை முதலில் நீங்களும் பிறகு அவனும் வாசியுங்கள்.

தமிழையும் தடுமாறித்தான் வாசிக்கிறானா என்று கவனியுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலைவிட ஒழுங்கான தமிழிலும் அதே திணறல் இருந்தால், டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உள்ளதா என்று பரிசோதிப்பது நல்லது. வகுப்பாசிரியரிடம் இதை வெளிப்படையாகக் கேளுங்கள். தொடக்கநிலை 3, 4 மாணவர்களுக்குப் பள்ளியிலேயே டிஸ்லெக்சியா மீட்சி வகுப்புகள் உண்டு. வெளியே, 1991இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் மதிப்பீடும் வகுப்புகளும் நடத்துகிறது. குறைபாடு உறுதியானால், தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். நிபுணரின் அறிக்கை தேவைப்படும் என்பதால் தொடக்கநிலை 6 வரை காத்திருக்க வேண்டாம்.

துணைப்பாட ஆசிரியர் வாசிக்கவே கற்றுத்தருபவராக இருந்தால் சேருங்கள். மேலும் ஒரு கட்டுப் பயிற்சித்தாள்தான் கிடைக்குமென்றால், அந்தப் பணத்தை மதிப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.